மீட்பதா, காப்பதா? – காணாமல் போகும் மின்னஞ்சல்களும் செஞ்சிக் கோட்டையும்

"இன்பாக்ஸைத் திறந்தால் ஒன்றுமே இல்லை! நேற்று வரைக்கும் இருந்ததே!"

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புலம்பல் பழகிப்போன ஒன்று. புலம்புகிறவருக்குத்தான் அது புதிது.

செஞ்சியில் ஒரு நெல் வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்காரர் அனுப்பிய விலை, சென்னையில் வாங்குபவர் கொடுத்த ஆர்டர், வங்கி அனுப்பிய கணக்கு, ஆடிட்டர் கேட்ட விவரம்... எல்லாம் கடை மூலையில் இருக்கும் ஒரே கணினிக்குள், அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ வந்து இறங்குகின்றன. பத்து வருடமாக இப்படியே ஓடுகிறது. ஒரு நாள் மின்சாரம் போய் வருகிறது. கணினி எழுந்திருக்கிறது. கடிதங்கள் எழுந்திருக்கவில்லை! அவர் இழந்தது வெறும் கடிதங்கள் அல்ல. "அன்றைக்கு இந்த விலைக்குத்தான் பேசினோம்" என்று சொல்ல அவரிடம் இருந்த ஒரே சாட்சி.

இந்த நிலையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மீட்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கிறதா?" கேள்வி தப்பில்லை. கேட்கும் நேரம்தான் தப்பு. பல நேரங்களில் மீட்க முடியும் என்பது உண்மை. ஆனால் மீட்பு என்பது அதிர்ஷ்டம், நகல் என்பது பழக்கம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பத்து வருடக் கடிதங்களை விட்டுவைப்பது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில், போனது உண்மையிலேயே போனதா?

பாதிப் புலம்பல்கள் இங்கேயே தீர்ந்துவிடும். தெரியாமல் எதையோ அழுத்தியதால் 'படிக்காதவை மட்டும்' என்ற வடிகட்டி விழுந்திருக்கும். தேதி வரிசை தலைகீழாக மாறியிருக்கும். எப்போதோ போட்டு வைத்த விதி ஒன்று கடிதங்களை வேறு உறைக்குத் தள்ளியிருக்கும். ஸ்பாம் உறையில் கிடக்கும். குப்பையில் கிடக்கும். ஜிமெயில் கணக்கு என்றால் குப்பைக்குப் போனது 30 நாள் வரை அங்கேயே காத்திருக்கும்.

அங்கும் இல்லை என்றால்? அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்டர்பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு உறையில் உள்ள எல்லாக் கடிதங்களையும் வழக்கமாக ஒரே நீளமான எழுத்துக் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது. இதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அது வெறும் பொருளடக்கம். புத்தகம் பத்திரமாக இருந்து பொருளடக்கம் மட்டும் கிழிந்துபோனாலும் திரையில் பட்டியல் காலியாகவோ தாறுமாறாகவோ தெரியும்! உறையின் மேல் வலது சொடுக்கு செய்து, பண்புகளுக்குள் போய் 'ரிப்பேர் ஃபோல்டர்' என்பதை அழுத்தினால் பொருளடக்கம் புதிதாக எழுதப்படும். பல பேருக்கு இதோடு கண்ணீர் நின்றுவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தண்டர்பேர்டில் ஒரு கடிதத்தை அழித்துக் குப்பையையும் காலி செய்துவிட்டால்கூட, அந்த எழுத்துகள் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. 'நீக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை மட்டும் விழுகிறது. 'காம்பாக்ட்' என்ற வேலை நடக்கும்போதுதான் அவை நிஜமாகத் துடைக்கப்படுகின்றன. ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: உடனே தண்டர்பேர்டை மூடுங்கள். எதையும் காம்பாக்ட் செய்யாதீர்கள். ப்ரொஃபைல் உறை முழுவதையும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். பிறகு அந்த நகலில் மட்டும் கை வையுங்கள். ஒரு எழுத்துத் தொகுப்பானில் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி தெரியும். அதில் 0008 அல்லது 0009 என்று இருந்தால் அது நீக்கப்பட்ட கடிதம். அதை 0001 என்று மாற்றிச் சேமித்து, பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் கடிதம் திரும்பி வந்து நிற்கும்!

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் கதை வேறு. அங்கே பல கணக்குகளில் எல்லாம் பிஎஸ்டி என்ற ஒரே கோப்புக்குள் அடைபட்டிருக்கும். 2002 பதிப்பு வரை இந்தக் கோப்புக்கு 2 ஜிபி எல்லை இருந்தது. எல்லையைத் தொட்டதும் பலருக்குக் கோப்பே பழுதானது. 2003-ல் புது வடிவம் வந்தது. 2010 பதிப்பிலிருந்து எல்லை 50 ஜிபி. பழுதான கோப்பைச் சரிசெய்ய அவுட்லுக்கோடு கூடவே ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி வருகிறது. அதையும் நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும். மருந்து கொடுக்கும்போதே நோயாளி போய்விடுவதும் உண்டு!

சில நேரம் திருடனே காவலாளியாகவும் இருப்பான். வைரஸ் உள்ள ஒரே ஒரு கடிதம் வந்திருக்கும். ஆன்டிவைரஸ் மென்பொருளுக்கு எம்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பாகத்தானே தெரியும்? ஒரு கடிதத்துக்காக இன்பாக்ஸ் மொத்தத்தையும் தூக்கித் தனிமைச் சிறையில் போட்டுவிடும். ஆகவே அதன் சிறைப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"இப்போ எல்லாம் கிளவுட்ல இருக்கே!"

இதுதான் இன்று எல்லோரும் சொல்லும் பதில். பாதி உண்மை, பாதி ஆபத்து.

இன்று பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது ஐமேப் முறை. கணினியில் இருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை இரண்டாவது ஆள் என்று யாராவது சொல்வார்களா? ஒத்திசைவு வேறு, நகல் வேறு. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய பாப் முறையில் சிக்கல் வேறு மாதிரி. 'சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும்' என்ற பெட்டியில் குறியிடாவிட்டால், கடிதம் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து போய்விடும். உலகத்தில் அந்தக் கடிதம் இருக்கும் ஒரே இடம் வியாபாரியின் கடை மூலைதான்!

பெரிய நிறுவனங்கள் தவறே செய்யாதா? 2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய கணக்குகள் காலியாகத் தெரிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 0.02 சதவீதம்தான் என்று கூகுள் சொன்னது. கூகுள் அந்தக் கடிதங்களை எங்கிருந்து மீட்டது தெரியுமா? காந்த நாடாவிலிருந்து! பல தரவு மையங்களில் நகல்கள் இருந்தும் பிழை அத்தனையையும் தொட்டுவிட்டது. இணைப்பில் இல்லாமல் தனியாகக் கிடந்த நாடாவை மட்டும் அதனால் தொட முடியவில்லை. கூகுளுக்கே தேவைப்பட்ட பாடம் செஞ்சிக் கடைக்காரருக்கு வேண்டாமா?

இது போதாதென்று, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023-ல் கூகுள் கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அப்பாவுக்கென்று ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்து, அப்பா காலமான பிறகு யாரும் அதைத் திறக்காமல் விட்டால்... அந்தக் கடிதங்களுக்கும் வாரிசு இல்லாமல் போய்விடும்.

கோட்டை சொல்லும் கணக்கு

நகல் எடுப்பதில் ஒரு பழைய விதி உண்டு. மூன்று நகல், இரண்டு வகையான சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். ஆங்கிலத்தில் இதை 3-2-1 என்பார்கள். செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் இணைக்கும் ஒரு மதில். கீழ்க்கோட்டை விழுந்தாலும் ராஜகிரி உச்சியில் தனிக் கோட்டை. உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு, அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பது தனி உலகம்! கீழே பெரிய நெற்களஞ்சியங்கள், குளங்கள். மலைமேலும் களஞ்சியமும் தண்ணீரும் உண்டு. முகலாயப் படை 1690-ல் முற்றுகையைத் தொடங்கி 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. அப்போதும் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பித்துவிட்டார். கோட்டை விழுந்தாலும் முக்கியமானது வெளியே போய்விட வேண்டும் என்பதுதானே நகல் எடுப்பதன் சாரமும்?

அந்தப் பாலம்தான் இங்கே முக்கியம். பேக்கப் டிஸ்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருப்பவர் பாலத்தை எடுக்க மறந்தவர். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினிக்குள் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. மாதம் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மறக்காத நாளாக இருந்தால் நல்லது, அமாவாசை என்றாலும் சரி! மின்னஞ்சல் மென்பொருளை மூடிவிட்டு, தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் உறையையோ அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையோ ஒரு வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இன்னொரு நகலை விழுப்புரத்திலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கடிதத்தையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகல் என்ற நம்பிக்கை மட்டுமே.

"என் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது?"

உண்மையான எதிர்ப்பு இதுதான். விளம்பரம், பில், விலைப்பட்டியல்... இதையெல்லாம் யார் காக்கப் போகிறார்கள்?

செஞ்சிக்குத் தென்கிழக்கே இருக்கும் புதுச்சேரியில் ஒரு வியாபாரி இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் என்ன இருந்தது? கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார், ஊர் வதந்தி. இன்றைய வியாபாரியின் இன்பாக்ஸில் இருப்பதும் கிட்டத்தட்ட இதுதானே! 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்த அந்தக் காலத்தைத் தமிழரின் கண்ணால் பார்க்க இன்று இருக்கும் பெரிய ஆதாரம் அந்தக் குறிப்புகள். 1846-ல் கல்லுவா மொம்பிரேன் என்பவர் அவற்றைக் கண்டுபிடித்து நகலெடுத்தார். பிறகு எடுக்கப்பட்ட நகல்கள் பாரீசுக்கும் சென்னைக்கும் போயின. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. நடுவே சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. நூறு ஆண்டுக்கு முன் போனதை எந்த மீட்பு மென்பொருளும் தராது!

இணையத் தமிழும் இதே அடியை வாங்கியிருக்கிறது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் 2000-களில் தமிழில் எவ்வளவு எழுதினார்கள்! 2019-ல் பழைய பதிவுகளை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15-ல் குழுமச் சேவையே மூடப்பட்டது. அந்தக் குழுமங்களின் மடல்கள் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலாகவும் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவரின் பழைய கணினியில், அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் கோப்புகளுக்குள் அவை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

இதில் தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அந்தக் காலத்து மடல்கள் பல திஸ்கி குறியீட்டில் எழுதப்பட்டவை. கோப்பு பத்திரமாகத் திரும்பி வந்தாலும் திரையில் தெரிவது புள்ளியும் கோடுமாக ஏதோ ஒன்று! "கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடாதீர்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் திரும்பி வரும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை வைத்திருங்கள்.

இப்போது அந்த நெல் வியாபாரிக்கே திரும்பி வருவோம். பொருளடக்கம் மட்டும் கிழிந்திருந்தால் இன்று மாலையே அவர் கடிதங்கள் கிடைத்துவிடும். டிஸ்கே போயிருந்தால் பெரிய ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், செலவு செய்ய வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கும். போன மாத நகல் அலமாரியில் இருந்திருந்தால்? ஒரு மாதக் கடிதங்களை மட்டும் மில்காரரிடம் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சியும் சேர்ந்தது. கல்லைக் காக்க உலகமே வந்துவிட்டது. கடிதத்தைக் காக்க யாரும் வரமாட்டார்கள் நண்பர்களே! அது அவரவர் வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா, என்ன?