நிறுத்திய யந்திரம் நின்றிருக்க வேண்டும்

மின்விளக்கு, மின்விசிறி, வானொலி ஆகிய சாதனங்களை நாம் ஒரு நம்பிக்கையுடன் கையாண்டு வருகிறோம். விசையை அணைத்தால் சாதனம் நிற்கும். மனிதன் கை மீண்டும் அவ்விசையில் படும் வரையில் அது இயங்காது என்பதே அந்நம்பிக்கை. அண்மை ஆண்டுகளில் வெளிவந்துள்ள மடிக்கணினிகள் பல இந்நம்பிக்கையைக் குலைத்துவிட்டன. முற்றிலும் நிறுத்தி வைத்த கணினி, மூடியைத் திறந்த மாத்திரத்தில் தானே இயங்கத் தொடங்குகிறது. சிலவற்றில் மின்கம்பியைச் செருகினாலும், ஏதேனும் ஒரு விசையை அழுத்தினாலும் இதுவே நிகழ்கிறது. இது சௌகரியமா, இடையூறா என்பது ஆராயத்தக்க வினாவாகும். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழ்வோருக்கு அது இன்னும் முக்கியமானது.

இதன் அமைப்பு எளிதில் விளங்கக் கூடியதே. மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தமும், அதற்கு நேராகக் கணினியின் உடலில் ஓர் உணர்கருவியும் பொருத்தப்பட்டுள்ளன. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் குறுக்கே காந்தப் புலம் அமையுமாயின், அவ்விரண்டுக்கும் செங்குத்தான திசையில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி எட்வின் ஹால் 1879-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பல மடிக்கணினிகளின் உணர்கருவி அந்தத் தத்துவத்தையே ஆதாரமாகக் கொண்டது. மூடி விலகியதும் காந்தம் அகல்கிறது. அச்செய்தியைப் பெற ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு எந்நேரமும் காத்திருக்கிறது. ஆகவே நாம் ‘நிறுத்தப்பட்டது’ என்று கருதும் நிலையிலும் பேட்டரியிலிருந்து சொற்ப மின்சாரம் செலவாகிக்கொண்டேயிருக்கும். முற்காலத்து மடிக்கணினியில் பேட்டரியைக் கழற்றி வைத்து ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள இயன்றது. இன்று பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் அவ்வழியும் அடைபட்டுவிட்டது.

இனித் தீவுகளின் நிலையைக் கருதுவோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழைக் கம்பி 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று போர்ட் பிளேர் எனவும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் வழங்கும் தலைநகரோடு, கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட மேலும் ஏழு தீவுகளை அது இணைக்கிறது. இதனால் கணினியின் பயன் தொலைத் தீவுகளிலும் பெருகியுள்ளது. ஆயினும் இத்தீவுகள் பெருநிலத்தின் மின்தொடரோடு இணைக்கப்படவில்லை. வடக்கு அந்தமானிலுள்ள கல்பாங் நீர்மின் நிலையமும் சூரிய மின் நிலையங்களும் ஓரளவு உதவினும், மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கும் டீசல் எண்ணெயைக் கொண்டே உற்பத்தியாகிறது. இத்தகைய இடத்தில் ஒரு சுகாதார ஊழியரோ ஆசிரியரோ தீவு விட்டுத் தீவு செல்லும் கப்பலில் ஏறுகிறார் எனக் கொள்வோம். பையினுள் மூடி நெகிழ்ந்து கணினி விழித்துக்கொண்டால், காற்றோட்டமில்லாத இடத்தில் அது சூடேறும். கரையிறங்கும்போது பேட்டரி வெறுமையாயிருக்கும். வேலைக்கு வேண்டிய மின்சாரம் வீணே கரைந்துபோகும்.

ஈரம் மற்றோர் இடர். இங்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கடற்காற்றில் உப்பும் கலந்துள்ளது. எனவே விசைப்பலகையை அடிக்கடி துடைத்து உலர்த்துவது அவசியம். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மின்னோட்டம் உள்ள பகுதிகளில் அரிப்பு விரைவாக நேரும். துடைப்பதற்காகத் திறந்த கணினி அக்கணமே இயங்குமாயின், பாதுகாப்புக்கென மேற்கொண்ட முயற்சியே தீங்குக்கு வழிவகுத்துவிடும்.

விமானப் பயணத்திலும் இது கவனிக்கத்தக்கது. சரக்கறையில் செல்லும் பெட்டிக்குள் கணினியை வைத்தால், அது உறக்க நிலையில் இல்லாமல் முற்றிலும் நிறுத்தப்பட்டும், தற்செயலாக இயங்காதவாறு காக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. அதைக் கைப்பையில் எடுத்துச் செல்வதே உத்தமம்.

தானியங்கு முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. காத்திருக்கும் நேரம் குறைகிறது. விரல் வலுவற்றோருக்கும் கண்பார்வை குன்றியோருக்கும் சிறு பொத்தானைத் தேடும் தொல்லை இல்லை. எனவே இவ்வசதியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. அதை ஏற்பதும் மறுப்பதும் உபயோகிப்போரின் உரிமையாக இருக்க வேண்டும் என்பதே வாதம்.

அவ்வுரிமை இன்று ஓரளவு உண்டு. ஆயினும் அது மறைவிடத்தில் உள்ளது. டெல் கணினிகள் பலவற்றில் ‘பயாஸ்’ எனும் அடிப்படை அமைப்பினுள், மூடி திறந்ததும் இயங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு காணப்படுகிறது. லெனோவோ கணினிகள் சிலவற்றில் அது ‘ஃபிளிப் டு பூட்’ என்ற பெயரில் உள்ளது. விண்டோஸில் உறங்கும் கணினியைத் தொடுபலகையோ சுட்டியோ எழுப்பாதிருக்க வேண்டுமாயின், பெரும்பாலும் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அவற்றுக்குரிய அனுமதியை நீக்கலாம். ஆப்பிள் நிறுவனம் 2016 முதல் தன் மடிக்கணினிகளில் இம்முறையைப் புகுத்தியது. தன் சொந்தச் சில்லு கொண்ட கணினிகளில் இதை மாற்றும் கட்டளையை 2025-ஆம் ஆண்டில்தான் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டது. அக்கட்டளை மூடியையும் மின்கம்பியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். விசையை அழுத்தினால் கணினி இயங்குவதை அது தடுப்பதில்லை. அன்றியும், கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டெழுத வேண்டும். சாதாரண மக்களுக்கு இது எங்ஙனம் எளிதாகும்?

ஆதலின் மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறோம். முதலாவது, புதிய கணினியை முதன்முதல் இயக்கும்போதே, தானே இயங்கலாமா என்று அது உரியவரைக் கேட்க வேண்டும். இரண்டாவது, அதை மாற்றும் இடம் எளிதில் தென்படுவதாகவும், தமிழிலும் ஏனைய இந்திய மொழிகளிலும் விளக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, அரசாங்க அலுவலகங்கள் மின்னணுச் சந்தை வாயிலாகக் கணினி வாங்குகையில் இவ்வசதியையும் தேவைகளில் ஒன்றாகக் குறிப்பிட வேண்டும். பெருந்தொகையில் வாங்குவோர் கேட்டால் உற்பத்தியாளர் செவிசாய்ப்பர்.

கணினித் திரையின் சொற்களைத் தமிழாக்குங்கால், உறக்கத்துக்கு ஒரு சொல்லும் நிறுத்தத்துக்கு வேறொரு சொல்லும் தேடுகிறோம். அவ்விரு நிலைகளும் உண்மையில் வேறுபட்டிருந்தாலன்றி அச்சொற்களால் பயனில்லை. நிறுத்து என மனிதன் இட்ட ஆணை, அவனே அதை மாற்றும் வரை நிலைத்திருக்க வேண்டும். யந்திரத்தை நம்பிப் பணிபுரிவோருக்கு நாம் அளிக்கக்கூடிய குறைந்தபட்ச உறுதி இதுவேயாகும்.