வேர்க்க வேர்க்க யோகா

சென்னை வெயிலில் கிரிக்கெட் ஆடியவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா? இந்த நினைப்பில்தான் போன மாதம் இங்கே சிகாகோவில் ஹாட் யோகா வகுப்பில் சேர்ந்தேன். வெளியே பனி. உள்ளே 40 டிகிரி, 90 நிமிடம், 26 ஆசனம்.

இருபதாவது நிமிடமே தலை சுற்றியது. பக்கத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் அசராமல் நிற்கிறார், நான் உட்காருவதா? வீம்புக்கு நின்றேன். கண் இருட்டி, பாயிலேயே சரிந்தேன். மானம் போனதுதான் மிச்சம் :-)

நம்ம ஊர் வெயிலில் முடியாவிட்டால் நிழலில் ஒதுங்குவோம். கொஞ்சம் காற்றடித்தால் வேர்வை காயும், உடம்பு குளிரும். அந்த அறையில் காற்றும் இல்லை, ஈரப்பதம் வேறு. வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும்.

"வேர்வையோடு நச்செல்லாம் போயிடும்" என்பதும் சும்மா. அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். வகுப்பு முடிந்ததும் குறைகிற எடையும் அந்தத் தண்ணீர்தான்.

ஆனாலும் விடவில்லை. பழகப் பழக உடம்பு சூட்டைத் தாங்குகிறது. இப்போது முன்கூட்டியே தண்ணீர் குடிக்கிறேன். தலை சுற்றினால் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துவிடுகிறேன். என்னைக் கேட்டால், புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது அதைத்தான். வீம்பு பிடிப்பதற்கா யோகா?