மயக்க டாக்டரிடம் என் மருந்தையும் சொல்லுங்கள்

"அய்யா, நீங்களும் டாக்டர்தானுங்களே. மயக்க ஊசியில தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. கேஸ் போடணும்."

சில வருடங்களுக்கு முன் பனமரத்துப்பட்டியில் என் வைத்தியசாலைக்கு வந்து ஓர் இளைஞர் இப்படிக் கேட்டார். அரளித் தோட்டம் வைத்திருந்த அவருடைய அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர், மயக்கம் தெளியாமலே இறந்துபோனார்.

நான் எழுதித் தரவில்லை. நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். மயக்க மருந்து என் துறை இல்லை. ஹோமியோபதி படித்த ஒருவர் இங்கிலீஷ் மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், படிக்காத முறையில் வைத்தியம் செய்வதே அலட்சியம்தான் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. டாக்டர் மேல் கிரிமினல் புகார் கொடுப்பதானால் விஷயம் தெரிந்த இன்னொரு டாக்டரின் நம்பத்தகுந்த கருத்து வேண்டும் என்பது 2005 தீர்ப்பு. என் லெட்டர் அங்கே செல்லாக் காசு.

மயக்க மருந்து வழக்குகள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1953-ல் தொடை எலும்பு முறிந்த ஓர் இளைஞரைப் புனேவில் சேர்த்தார்கள். முறையான மயக்கம் கொடுக்காமல், மார்பியா ஊசி மட்டும் போட்டு, பலத்தைக் காட்டி எலும்பை இழுத்து வைத்ததில் அதிர்ச்சி ஏற்பட்டு அவர் இறந்தார். டாக்டரின் அலட்சியம்தான் என்று சுப்ரீம் கோர்ட் முடிவாகச் சொன்னது 1968-ல். நஷ்டஈடு 3,000 ரூபாய். பதினைந்து வருடம் அலைந்த அலைச்சலுக்கு!

இந்த வழக்குகளில் பெரிய சிக்கல் என்ன தெரியுமா? நோயாளிக்கு நினைவில்லை, நீங்களோ கதவுக்கு வெளியே. உள்ளே நடந்ததற்குச் சாட்சி காகிதம்தான். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று மயக்க டாக்டர் ஒரு சார்ட்டில் குறித்துக்கொண்டே வருவார். நோயாளியோ, அவர் சார்பில் உரியவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. கேட்பது உங்கள் உரிமை, சண்டை இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி மேல் அங்கே போக முடியாது. 1995 தீர்ப்பு அப்படி. அதற்கு சிவில் கோர்ட், ஹைகோர்ட் என்று வேறு வழிகள் உண்டு.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். பிறகு எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததையும் கேட்டேன். "அப்பா என்கிட்ட மருந்து சாப்பிட்டதை அங்க சொன்னீங்களா?"

"இல்லைங்கய்யா. நாட்டு மருந்துன்னு சொன்னா திட்டுவாங்கன்னு விட்டுட்டோம்."

உண்மைதான், திட்டத்தான் திட்டுவார்கள். திட்டட்டுமே! அமுக்கரா தூக்கத்தைக் கூட்டக்கூடியது. அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். மருந்தளவில் எடுக்கும் பூண்டு, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற பேச்சை எங்கள் ஆட்களே பேசுகிறார்கள். குணப்படுத்தும் வேகம் மருந்துக்கு உண்டென்றால், வேறு வேகமும் அதற்கு இருக்காதா? மூலிகை மருந்துகளை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது என்கிறார்கள் மயக்கவியல் நிபுணர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதையும் அவரிடமே கேளுங்கள். காலையில் குடித்த ஒரு வாய் காபியைக்கூட மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

என் பங்குக்கும் தப்பு உண்டு. அந்தப் பெரியவருக்கு நான் கொடுத்ததெல்லாம் பெயர் எழுதாத பொட்டலங்கள். சொல்ல நினைத்திருந்தாலும் எதைச் சொல்லியிருப்பார்கள், பாவம்? இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதித்தான் தருகிறேன். உங்கள் வைத்தியர் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தம்பி எழுத்துமூலம் கேட்டு, பதிவுகளை வாங்கிக்கொண்டு மறுபடி வந்தார். என் மருந்துதான் காரணமா, மயக்க மருந்தா, இரண்டும் இல்லையா என்று அதை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பரிசோதனைத் தாளில் 'வேறு மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அவருடைய அப்பாவின் கையெழுத்து.