இடிக்காமலே வெளிச்சம்!

போன ஐப்பசியில் ஒருநாள், எங்கள் ஆய்க்குடி வீட்டில் நடைப்படி தெரியாமல் அத்தை தடுக்கி விழுந்துவிட்டார்கள். அதுவும் பகல் பதினொரு மணிக்கு! மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டு இருட்டு வெறும் அழகுக் குறை இல்லை, ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"இன்னொரு டியூப்லைட் போட்டாப் போச்சு" என்றார் இவர். எனக்கு மனசு ஆறவில்லை.

எங்களுடையது வரிசை வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு வழியில்லை. வாசல், புறவாசல், தலைக்கு மேலே ஆகாயம் - வெளிச்சத்துக்கு இந்த மூன்றே வழி. நடு முற்றத்தையோ, சாரலுக்குப் பயந்து முன்பே தகரம் போட்டு மூடியிருந்தார்கள்!

பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாமே என்றேன். கொத்தனார் தட்டிப் பார்த்தார். "இதுல மட்டும் கை வச்சிராதீங்கம்மா. மச்சு உத்தரம் பூரா இதுமேலதான் நிக்கு" என்றார். பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவர்தான் சுமைதாங்கி. கேட்காமல் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சகோதரிகளே!

ஆகவே, தகரத்தை மட்டும் எடுத்தோம். கம்பி அடித்து, இரண்டடி உயர்த்தி, வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் தகடு போட்டோம். ஆனி, ஆடிச் சாரல் மேற்கே கணவாய்க் காற்றோடு வருவதால், கிழக்குப் பக்கம் மட்டும் திறப்பு. ஐப்பசி மழைக்காக அங்கே கூரையை நீட்டிவிட்டோம். சூடான காற்று மேலேறி அந்த வழியே போய்விடுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் (1917-2007) கட்டிய வீடுகளில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்கள் உண்டு. காற்றும் வரும், வெயிலும் கண்ணைக் கூசாது, செலவும் குறைவு. முற்றத்து ஓரம் சுமை தாங்காத தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு, அதேபோல் அடுக்கினோம். கொசுவுக்காக உள்பக்கம் வலை.

பழைய காரைச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெள்ளைச் சுண்ணாம்பே போதும். சுவரும் மூச்சு விடும், வெளிச்சமும் கூடும். படி விளிம்பில் மஞ்சள் பட்டை அடித்து, பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வைத்தாயிற்று.

நேற்று அத்தை முற்றத்தில் சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். "நாப்பது வருஷத்துல இன்னைக்குத்தாம்மா லைட்டுப் போடாம அரிசியில கல்லு பொறுக்கேன்" என்றார்கள்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வைத்திருந்த டியூப்லைட்டைப் பரண்மேல் போட்டுவிட்டார்!