துரைமார் குடித்த கடை இருக்கிறது. நம் லயம் எங்கே?



ஈப்போ திடலருகே, ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் இருக்கும் பழைய எப்.எம்.எஸ். கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1906-ல் தொடங்கிய மதுக்கடை, 1923-ல் இந்த இடத்துக்கு வந்தது. ஈயச் சுரங்க முதலாளிகளும் ரப்பர் தோட்டத் துரைமார்களும் கூடிக் குடித்த இடம். வெள்ளைக்காரர் ஆட்சி போனபின் ஊர் மக்கள் வந்து சாப்பிட்டார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பழுது பார்க்கப்பட்டு, 2019-ல் மீண்டும் உணவகமாகத் திறந்தது. பயன்பாடு மாறியது, கட்டடம் நிலைத்தது. நல்லதுதான்.

ஆனால் துரைமார் அங்கே செலவழித்த பணம் யாருடைய உழைப்பில் வந்தது? 1928-ல் அரசு நிர்ணயித்த தினக்கூலி பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலிக்குப் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த லயமும், ஆயக்கொட்டகையும், கள்ளுக்கடையும் எங்கே? தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் தரைமட்டமாயின.

ஏன் இந்த வேறுபாடு? கடைக்குப் பட்டா இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. 1965 தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவின்படி, எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகாது. "நூறு வருஷமா இருக்கோம், யார் என்ன செய்ய முடியும்?" என்று நம்மவர்கள் சொல்வது நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம்.

ஆகவே, இன்றே செய்யுங்கள். உங்கள் தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி யாரும் தேடிப் பார்க்கலாம். சம்பளச் சீட்டு, கோயில் கணக்குப் புத்தகம், பழைய படங்கள் ஆகியவற்றைத் தூக்கி எறியாதீர்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக்கும்படி அமைச்சருக்கு முன்மொழியும் உரிமையை எவருக்கும் தருகிறது. அந்த உரிமை பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல.

இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்தபின் வழக்கறிஞரைத் தேடுவதைவிட, இப்போதே ஒரு குழுவாகக் கூடி நிலத்தின் நிலையை அறிந்துகொள்வது மேல். சிந்திப்பீர், செயல்படுவீர்.