தராசு கைமாறிய கதை

1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றபோது கானா ஏழை நாடாக இருக்கவில்லை. லண்டனில் அதன் கணக்கில் ஏறக்குறைய 20 கோடி பவுண்டு இருந்தது. உலகிலேயே அதிகமாகக் கோகோ விளைவித்த நாடும் அதுதான். ஒன்பதே ஆண்டுகளில் அந்தக் கையிருப்பு கரைந்து நாடு கடனில் மூழ்கியது. விடுதலை வாங்கித் தந்த குவாமே நிக்ரூமாவை ராணுவம் தூக்கி எறிந்தது. இந்தச் சரிவுக்குத் தலைவரின் ஊதாரித்தனமும் எதேச்சாதிகாரமும் காரணம் என்பார் ஒரு சாரார். ஏகாதிபத்தியச் சதி என்பார் இன்னொரு சாரார். இரண்டுக்கும் சான்று உண்டு. ஆனால் இரு தரப்பும் அதிகம் பேசாத ஒரு பொருள் கோகோ வாரியத்தின் கணக்கேட்டில் இருக்கிறது.

கோகோ அந்த மண்ணின் பயிர் அல்ல. 1879இல் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து மாம்பாங் என்ற ஊரில் நட்டார். 1911க்குள் கோல்ட் கோஸ்ட் (கானாவின் காலனிக் காலப் பெயர்) உலக விளைச்சலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இலங்கையின் தேயிலைபோல வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வளர்த்த பயிர் அல்ல இது. உள்ளூர் விவசாயிகள் தங்கள் காசைப் போட்டு, தெற்குக் காடுகளில் நிலம் வாங்கி, சிறு சிறு தோப்புகளாக வளர்த்தது. இதில் அரசின் பங்கு சொற்பமே.

அறுவடைக் காலத்தில் குடும்பமே தோப்பில் உட்காரும். காய்களைப் பிளந்து, சதையோடு சேர்ந்த விதைகளைக் குவித்து, வாழை இலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைப்பார்கள். பிறகு பாய்களில் பரப்பி, மழை வந்தால் அள்ளி, வெயில் வந்தால் விரித்துக் காயவைப்பார்கள். காய்ந்த விதையைத் தலைச்சுமையாகக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு தராசு இருக்கும். 60 பவுண்டு எடை ஒரு சுமை. நாற்பது ஆண்டு அரசியலைப் புரிந்துகொள்ள அந்தத் தராசு யார் கையில் இருந்தது என்று பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் அது ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1937இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி முதலான பெரு நிறுவனங்கள், தங்களுக்குள் போட்டி போட்டு விலையை ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. விவசாயிகள் பதிலுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் மூட்டைகள் கிராமங்களிலேயே கிடந்தன. லண்டன் ஒரு விசாரணைக் குழுவை அனுப்ப வேண்டியதாயிற்று. உலகப் போர் மூண்டதும் காலனி அரசே கொள்முதலைக் கையில் எடுத்தது. 1947இல் அது கோகோ சந்தை வாரியம் என்ற நிலையான அமைப்பானது.

வாரியம் சொன்ன காரணம் நியாயமாகவே ஒலித்தது. விலை ஏறும்போது ஒரு பகுதியை எடுத்துவைத்து, இறங்கும்போது விவசாயிக்குக் கைகொடுப்பது. போருக்குப் பின் விலை பெரும்பாலும் உயர்ந்தே இருந்ததால் எடுத்துவைப்பதுதான் மிகுதியாக நடந்தது. அந்தப் பணம் பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரங்களில் போய் அடைந்தது. கோகோவை வாங்கிய அமெரிக்கச் சாக்லேட் கம்பெனிகள் கொடுத்த டாலரோ, டாலருக்குத் தவித்துக்கொண்டிருந்த பிரிட்டனின் பொதுக் கையிருப்பில் சேர்ந்தது. அதாவது, வாழை இலைக்கடியில் விதையைப் புளிக்கவைத்தவர், தன்னை ஆண்ட நாட்டுக்குக் கேளாமலே கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1951 தேர்தலில் வென்று சிறையிலிருந்து நேராக ஆட்சிக்கு வந்த நிக்ரூமா இந்த அமைப்பைக் கலைத்திருக்கலாம். அவர் கலைக்கவில்லை. ஏன் என்பது கடினமான கேள்வியல்ல. பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை, துறைமுகம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வருமான வரி கட்டக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். பணம் திரண்டு வரும் ஒரே வாய்க்கால் வாரியம்தான்.

1954 ஆகஸ்டில் நிக்ரூமாவின் அரசு, சுமைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டிவைத்தது. டன்னுக்கு ஏறத்தாழ 134 பவுண்டு. அந்த ஆண்டு உலகச் சந்தையில் விலை 400 பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தது. அடுத்த மாதமே கோகோ வட்டாரத்தின் நடுவான அசாந்தியில், குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. கூட்டாட்சி கேட்டது, கட்சிக்காரர்களிடையே அடிதடியும் கொலையும் நடந்தன. அன்றைய வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இது 'இனக்குழுச் சண்டை'. புதிய நாடுகள் எல்லாவற்றுக்கும் கைவசம் வைத்திருந்த சொல் அது. அசாந்தி மன்னரின் மரியாதை, பழைய பேரரசின் பெருமை எல்லாம் அதில் கலந்திருந்தது உண்மைதான். ஆனால் தீயைப் பற்றவைத்தது 72 ஷில்லிங். இந்தப் பிளவைக் காட்டித்தான் பிரிட்டன் இன்னொரு தேர்தல் கேட்டது. 1956இல் நிக்ரூமாவின் கட்சி 104 இடங்களில் 71ஐ வென்ற பிறகே விடுதலைக்கு நாள் குறிக்கப்பட்டது.

காலனி விட்டுச்சென்ற மற்றவையும் இதே வார்ப்புதான். ரயில் பாதை துறைமுகங்களிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கும் கோகோக் காட்டுக்கும் போய்த் திரும்பியது. வடக்குப் பகுதிக்கு ஒரு மைல்கூடப் போகவில்லை. அக்ராவில் ஆளுநர் குடியிருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டை, டேனிஷ்காரர்கள் அடிமை வியாபாரத்துக்குப் பயன்படுத்திய கோட்டை. நிக்ரூமாவும் அங்கேயே குடியேறினார். நாணயத்தை மட்டும் 1965இல் மாற்றினார்கள். பவுண்டுக்குப் பதில் 'செடி'. உள்ளூர் மொழியில் சோழி என்று பொருள். மாலத்தீவுக் கடலில் பொறுக்கிய சோழிகள் ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கின, அடிமைகளுக்கும் விலையாயின. பெயர் வைத்தவர்கள் அதை எண்ணிப் பார்த்தார்களா தெரியவில்லை.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ், 1953இலேயே தம் அறிக்கையில், முதலில் உணவு விவசாயத்தின் விளைச்சலைப் பெருக்குங்கள், ஆலைகள் பிறகு என்றார். விடுதலைக்குப் பின் ஆலோசகராக வந்தவர், ஒத்துப்போகாமல் 1958இல் கிளம்பிவிட்டார். நிக்ரூமாவுக்குப் பொறுமை இல்லை. ஒரு தலைமுறைக்குள் முடிக்க வேண்டிய வேலை என்று அவர் நினைத்தார்.

அந்த அவசரத்தின் பெரிய சின்னம் அகோசோம்போ அணை. வோல்டா நதியை மறித்ததில் ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது, சுமார் 80,000 பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். மின்சாரத்தின் பெரும்பகுதி அமெரிக்கக் கைசர் நிறுவனத்தின் தலைமையில் அமைந்த அலுமினிய ஆலைக்கு, நீண்ட கால ஒப்பந்தத்தில், மலிவு விலையில் போனது. கானாவிலேயே பாக்சைட் இருக்க, ஆலை வெளிநாட்டிலிருந்து இறக்கிய அலுமினாவை உருக்கியது. அணை இல்லாமல் இன்றைய கானா இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஒப்பந்த மேசையில் பணம் வைத்திருந்தவன் சொன்னதே நடந்தது.

இந்த வேலைகளுக்கெல்லாம் பணம் தராசிலிருந்து வந்தது. 1959இல் விவசாயிகள் 'தாமாக முன்வந்து' 12 ஷில்லிங்கை வளர்ச்சிக்கு விட்டுக்கொடுத்ததாக அறிவிக்கப்பட்டது. விலை 60 ஆனது. முன்வந்தது ஆளுங்கட்சியின் விவசாயிகள் அவை. 1961இல் கொள்முதல் உரிமை முழுவதும் அந்த அவைக்கே போனது. கம்பெனிக் காலத்தில் குறைந்தபட்சம் போய்ச் சண்டையிட ஒரு அந்நியன் இருந்தான். இப்போது எதிர்த்துக் கேட்டால் விசாரணையின்றிச் சிறையில் அடைக்க 1958இன் தடுப்புக் காவல் சட்டம் இருந்தது. ஆட்சி கவிழ்ந்தபின் அமைந்த விசாரணைக் குழுவின் முன்னால் விவசாயிகள் சொன்ன முதல் புகார்களில் ஒன்று எடையில் கைவைத்தார்கள் என்பது.

ஐம்பதுகளில் நட்ட மரங்கள் காய்ப்புக்கு வந்து, 1964-65இல் விளைச்சல் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டியது. அதே 1965இல் உலக விலை நூறு பவுண்டுக்கும் கீழே சரிந்தது. இந்த நாளுக்காகத்தான் வாரியம் சேமிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சேமிப்பு அதற்குள் தீர்ந்திருந்தது. 1966 பிப்ரவரி 24 அன்று, நிக்ரூமா ஹனோய்க்குப் புறப்பட்டுச் சீனப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்க உளவுத்துறையின் பங்கு பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அக்ராத் தெருக்களில் மக்கள் ஆடிப்பாடியதற்கு உளவுத்துறை தேவைப்பட்டிருக்காது.

நிக்ரூமாவின் சிலை சாய்க்கப்பட்டது, நாணயத்திலிருந்து முகம் எடுக்கப்பட்டது. வாரியத்தை மட்டும் பின்னால் வந்த ராணுவ, சிவில் அரசுகள் எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டன. எழுபதுகளில் செடியின் மதிப்பு காகிதத்தில் மட்டுமே நின்றது. விவசாயி மூட்டையை இரவோடு இரவாக எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்குக் கடத்தினார். அங்கேயும் ஒரு விலை நிதியம் விவசாயியிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிரெஞ்சுப் பிராங்கோடு பிணைத்த காசு கையில் நின்றது. எழுபதுகளின் இறுதிக்குள் ஐவரி கோஸ்ட் முதலிடத்தைப் பிடித்தது. 1983-84இல், காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ள, கானாவின் விளைச்சல் சுமார் 1.6 லட்சம் டன்னுக்கு இறங்கியது.

அதன்பிறகு பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு கொள்முதல் விலை ஏற்றப்பட்டது, தொண்ணூறுகளில் தனியார் முகவர்கள் உள்ளே வந்தார்கள், விளைச்சல் மீண்டது. ஏற்றுமதியின் பிடி இன்றும் வாரியத்திடம்தான். 2024இல் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, வாரியம் பயிரின் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. விவசாயிக்கு அறிவித்த விலை உலக விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மூட்டைகள் மறுபடியும் எல்லை தாண்டின.