உத்திரமேரூரில் 20 லட்சத்துக்கு வீடு... கையில எவ்வளவு இருக்கணும்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்த்திருக்கீங்களா? சோழர் காலத்துல குடவோலைத் தேர்தல்ல நிற்க, சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்கணும்னு அதுல ஒரு விதி இருக்கு. 1,100 வருஷம் ஆகியும் சொந்த வீட்டுக்கு மவுசு குறையல. ஆனா, இன்னிக்கு பலரும் சறுக்குறது வீட்டு விலையில இல்ல. அதுக்கு மேல வர்ற செலவுல!

10 சதவிகிதம் போதுமா?

'பத்து பர்சன்ட் போட்டா போதும், மீதியை பேங்க் கொடுத்துடும்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டின் விலை 20 லட்சம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 18 லட்சம். மீதி 2 லட்சம் உங்களுடையது.

அடுத்து பத்திரப்பதிவு. முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி சேர்த்து 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%, அதாவது 1.80 லட்சம். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வீடு என்றால், இந்தச் செலவைச் சேர்த்துக் கடன் கணக்கிட முடியாது. ஆக, உங்க கையில இருக்க வேண்டியது 2 லட்சம் இல்ல, 3.80 லட்சம்!

குறைச்சுக் காட்டலாமா?

பத்திரத்துல விலையைக் குறைச்சா செலவு மிச்சம்னு சிலர் ஆசை காட்டுவாங்க. கடனும் சேர்ந்து குறையும், பாஸ். அதோட, அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமா இருந்தா, அதை வச்சுத்தான் கட்டணம்.

உண்மையான சலுகை வேற இருக்கு. 10 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனையை பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கு. அம்மா பெயரிலோ, மனைவி பெயரிலோ பதிஞ்சா 10,000 ரூபாய் வரை மிச்சம்.

இதையும் எழுதி வைங்க

* வக்கீலிடம் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று சரிபார்க்கும் கட்டணம்
* வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், கடனுக்கான அடமானப் பதிவுச் செலவு
* பத்திர எழுத்தர், புரோக்கர் கமிஷன்
* பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு பெயர் மாற்றம்
* பழைய வீடுன்னா வயரிங், பெயின்ட், மோட்டார்

மனை வாங்குறீங்கன்னா, அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லாத மனையை வரன்முறைப்படுத்த தனிச் செலவு ஆகும். அதுவரை பதிவே சிக்கலாகலாம்.

ஒரு சிம்பிள் கணக்கு

கையில இருக்கிற பணத்தை ஐந்தால் பெருக்குங்க. 4 லட்சம் இருந்தா 20 லட்சம். அதுதான் உச்ச வரம்பு. அதுவும் வங்கி முழு 90 சதவிகிதமும் கொடுத்தால்தான். அதுக்குக் கீழேயே வீடு தேடுங்க. அட்வான்ஸ் கொடுத்துட்டு, பதிவு நாள் நெருங்கும்போது நகையை அடகு வைக்க ஓட வேண்டாம்!